காற்புள்ளியைக் காணோம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் தம்பியை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாகக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளே விடுவோம்.

கதவைத் திறந்தவள் அக்கா. வீட்டில் அவளுக்குக் காற்புள்ளி என்று பெயர். வைத்தது கடைக்குட்டியான சின்னவள். வைத்தவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆய்விதழ்களுக்குப் போகும் கட்டுரைகளை அந்தந்த இதழின் விதிப்படி சீர்செய்து கொடுக்கும் ஆபீஸில் காற்புள்ளிக்கு வேலை. உலகத்தையே புரட்டிப்போடுகிற ஆராய்ச்சியாக இருக்கும். எந்தத் தகவலை யாரிடமிருந்து எடுத்தோம் என்று கடைசியில் பட்டியல் போடுகிற இடத்தில் கோட்டை விட்டிருப்பார்கள். ஒருவர் ஆசிரியரின் முதலெழுத்தை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். ஆண்டை அடைப்புக்குறிக்குள் வைப்பதா வெளியே விடுவதா என்று ஒரே பக்கத்தில் மூன்று விதமாகக் குழம்பியிருப்பார்கள். அந்தச் சான்றுப் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

"அக்கா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும். பட்டியலை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு. வேற எதையும் நீ பார்க்க வேண்டாம்" என்றான் தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்க்க வேண்டாம் என்றால் முதலில் அதைத்தான் பார்ப்பாள் அவள்.

தம்பி மருத்துவக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளன். தற்காலிகம், தற்காலிகம் என்றே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரை வெளிவந்தால் வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் அடுத்த பருவத்தில் அவன் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். துறைத்தலைவர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"சாப்பிட்டியாடா?" அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஆச்சும்மா."

"பொய் சொல்றான்" என்று அம்மா அடுப்பிடம் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, காற்புள்ளி முதல் வேலையாக எப்போதும் செய்வதைச் செய்தாள். இந்த இதழுக்கு எண்களின் நடுவே காற்புள்ளி ஆகாது. ஆயிரத்து இருநூறு என்றால் 1200 என்று மொட்டையாகத்தான் நிற்க வேண்டும். 1,200 என்று எழுதக்கூடாது. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். இரண்டு இலக்கங்களுக்கு நடுவே காற்புள்ளி இருந்தால் எடுத்துவிடு என்று கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளை. ஒரு தட்டு, முடிந்தது. "பேரு காற்புள்ளி, வேலை காற்புள்ளியை ஒழிக்கிறது" என்று சின்னவள் இருந்தவரை கிண்டலடித்துக்கொண்டே இருப்பாள்.

சின்னவள் கடைசியாகப் பேசியதும் அந்தப் பெயரைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, "காற்புள்ளியக் காணோம்" என்றாள். "இங்கதான்டி இருக்கேன்" என்று அக்கா கையைப் பிடித்தாள். சின்னவள் தலையை அசைத்துவிட்டு மறுபடியும், "காற்புள்ளியக் காணோம்." மறுநாள் காலை அவள் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தன்னைக் கூடப் பிறந்தவளுக்கே அடையாளம் தெரியாமல் போயிற்றே என்ற வலியை இந்த இரண்டு வருடமாகக் காற்புள்ளி யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டுப் பட்டியலில் இறங்கினாள். தம்பி நன்றாகத்தான் செய்திருந்தான். அங்கங்கே முக்காற்புள்ளி வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி, இதழின் பெயரைச் சுருக்க வேண்டிய இடத்தில் முழுப்பெயர். திருத்திக்கொண்டே வந்தவளின் கை பதினான்காவது சான்றில் நின்றது.

சின்னவளின் பெயர். முதலெழுத்து. கட்டுரைத் தலைப்பு. தொகுதி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல்: அச்சில்.

அச்சில் என்றால், இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்னும் வெளிவரவில்லை என்று பொருள். பிரசவ அறைக்குள் போன மாதிரி அது. உள்ளே போனது சீக்கிரம் வெளியே வந்தாக வேண்டும். இரண்டு வருடம் யாரும் உள்ளே இருப்பதில்லை. பக்கத்தில் சிவப்பில் இதழ்காரர்களின் கேள்வி நின்றது. இந்தச் சான்றின் இன்றைய நிலை என்ன, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தருக, அல்லது நீக்குக.

"டேய், இது எந்த மாசம் வெளிவந்துச்சு? எண்ணைக் குடு, போட்டுடறேன்."

தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சுவாரசியமாகப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

"இன்னும் வரலக்கா. அச்சில்னே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? நீக்குன்னு எழுதியிருக்கான் பாரு. எந்த இதழ்னு சொல்லு, நானே ஒரு மெயில் போட்டுக் கேக்கறேன். என் ஆபீஸ்ல இதுக்குன்னே ஆள் இருக்காங்க."

"கேக்காத."

"ஏன்?"

இந்த இடத்தில் அம்மா காப்பியோடு வந்துவிட்டாள். "யாரு, அவ கட்டுரையைப் பத்தியா பேசறீங்க? வந்துடுச்சா? அன்னிக்கு நீதானேடா சொன்னே, அச்சுல இருக்கும்மா, எப்ப வேணும்னாலும் வந்துடும்னு. வந்ததும் ஒண்ணு எனக்குக் குடு. எனக்குப் புரியாது, பரவாயில்ல. பேரைத் தடவிப் பார்த்துக்கறேன்."

தம்பி காப்பியை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

அம்மா உள்ளே போனதும் காற்புள்ளி எழுந்து, அவன் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கத்து பால்கனிக்கு இழுத்துப் போனாள். சின்ன வயதில் அவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோதும் இப்படித்தான் இழுத்துப்போய் விசாரித்தாள். அப்போது உடனே ஒப்புக்கொண்டான்.

"எந்த இதழ்டா?"

"எந்த இதழும் இல்லக்கா."

"புரியல."

"நான் அனுப்பவே இல்ல." அவன் துணி காயப்போடும் கொடியைப் பிடித்துக்கொண்டான். "அவ பாதியிலதானே விட்டா. முடிவுரையே எழுதல. ஆஸ்பத்திரில தினமும் கேட்டுக்கிட்டே இருந்தா, அண்ணா என் கட்டுரை என்னாச்சு, என்னாச்சுன்னு. அன்னிக்கு டாக்டர் வெளிய வந்து சொன்னதை நீயும் கேட்டே. இனிமே ஒண்ணும் இல்லன்னார். நான் உள்ள போய், ஏத்துக்கிட்டாங்கம்மா, அச்சுல இருக்குன்னு சொல்லிட்டேன். சந்தோஷமாப் போகட்டும்னு நினைச்சேன்."

காற்புள்ளிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதே பொய்யைச் சொல்லியிருப்பாள்.

"அவகிட்ட சொன்னே, சரி. ஏன்டா பட்டியல்ல போட்டே?"

"அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. துறைத்தலைவர் வந்து கை குடுத்தார், தங்கச்சி பேரு நிக்கும்னு. அதுக்கப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது? போன வருஷம் ஒரு இதழ்ல சின்னக் குறிப்பு எழுதினேன்ல, அதுல அவ கண்டுபிடிச்ச எண்ணை எடுத்துப் போட்டு, பக்கத்துல அச்சில்னு போட்டேன். யாரும் கேக்கல. அப்படியே போயிடுச்சு."

ஒரு பொய்யைப் பட்டியலில் ஏற்றிவிட்டால் அதற்கு ஒரு வரிசை எண் கிடைத்துவிடுகிறது. வரிசை எண் கிடைத்த பிறகு யார் அதைச் சந்தேகப்படுவார்கள்? இது காற்புள்ளிக்குத் தெரியாத விஷயம் அல்ல.

"சரி, அழாத" என்றாள். அவன் அழவில்லை, ஆனால் அதற்கு வெகுதூரமும் இல்லை. "அச்சில்னு போட முடியாது. ஆனா வெளியிடப்படாத தரவுன்னு சொல்லி, கட்டுரைக்குள்ளயே அவ பேரைக் குறிப்பிடலாம். அதுக்கு விதி இடம் குடுக்குது. இதழ்காரன் கேட்டா மூலத் தரவைக் காட்டணும், அவ்வளவுதான். அவ முதல்ல எழுதின ஃபைல் இருக்கா? நான் சீர்செஞ்சது வேண்டாம். அவளே தட்டினது வேணும்."

தம்பி சாவிக்கொத்தை எடுத்தான். அதில் சின்னவளின் பென் டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக வீட்டுச் சாவியோடு சேர்த்து அதையும் சுமந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

சின்னவள் பச்சிளங்குழந்தைகள் வார்டில் மருத்துவர். வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு மருந்து குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு வரை சேரலாம், எதற்கு மேல் போனால் ஆபத்து என்பதைத்தான் அவள் ஆராய்ந்தாள். பெரியவர்களுக்கு லிட்டருக்கு இருபது மில்லிகிராம் வரை தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிறந்த குழந்தைகளுக்கு எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. சின்னவள் அளந்தாள். பதினைந்து. பெரியவர்களைவிடக் குறைவு என்று எழுதினாள். தம்பியின் இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே எண்ணின்மேல்தான் நிற்கிறது. பழைய மருத்துவப் பதிவுகளை எடுத்து, பதினைந்துக்குக் கீழே உள்ள குழந்தைகள், மேலே உள்ள குழந்தைகள் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எல்லா முடிவுகளையும் சொல்லியிருந்தான்.

காற்புள்ளி ஃபைலைத் திறந்தாள். சின்னவளின் கை அது என்று பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இரண்டு இடைவெளி விடுவாள். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அட்டவணைக்குப் போனாள்.

1,5 என்று இருந்தது.

அதற்குக் கீழே 1,2. அதற்கும் கீழே 0,9. அட்டவணை முழுவதும் அப்படியே. மேலே சின்னவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். ரத்தம் சோதிக்கும் இயந்திரம் வெளிநாட்டுத் தயாரிப்பு, தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போட்டுத்தான் எண்களை அச்சிடுகிறது, அனுப்பும் முன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

தான் சீர்செய்த ஃபைலை, தம்பி எண்ணை எடுத்த அந்த ஃபைலை, பக்கத்தில் திறந்தாள். அதில் 15. அதற்குக் கீழே 12. அதற்கும் கீழே 9. முதலில் அது 09 என்று நின்றபோது அந்தப் பூஜ்யம் உறுத்தியிருக்கிறது. அதையும் தட்டுப்பிழை என்று நினைத்து அவளே எடுத்துவிட்டு 9 ஆக்கியிருந்தாள். திருத்தத்தின் தடம் ஓரத்தில் இன்னும் இருந்தது.

இரண்டு இலக்கங்களுக்கு நடுவே காற்புள்ளி இருந்தால் எடுத்துவிடு. ஒரு தட்டு.

சின்னவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம், அவளை மகிழ்விக்கலாம் என்று நினைத்துக் காற்புள்ளிதான் ஆபீஸில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைச் சீர்செய்தாள். குறிப்பு எழுதிய பக்கத்தை அவள் படிக்கவில்லை. பட்டியலையும் அட்டவணையையும் மட்டும் பார்த்தாள். அழகாக பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டு, கட்டிலில் கொண்டுபோய் வைத்தாள். "பாருடி, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள். சின்னவளும் பார்த்தாள்.

"அம்மா!" காற்புள்ளியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அம்மா, இங்க வா."

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். யார் எதைச் சொன்னாலும் ஓர் எழுத்துகூட மாறாமல் திருப்பிச் சொல்வாள்; அதனாலேயே சொந்தபந்தத்தில் பலருக்கு அவளைக் கண்டால் பயம்.

"அன்னிக்கு அவ கடைசியா என்ன சொன்னா? அப்படியே சொல்லு."

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லும்மா."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள். "இவன் வந்து, ஏத்துக்கிட்டாங்க, அச்சுல இருக்குன்னான். அவ ஐயோன்னா. சந்தோஷத்துலன்னு நினைச்சேன். அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தா. அப்புறம் உன்னைப் பார்த்து, காற்புள்ளியக் காணோம்னா. நீ இங்கதான்டி இருக்கேன்னே. இல்ல, காற்புள்ளியக் காணோம், போட்டுடு, போட்டுடுன்னா. குளிருது போல, போர்வையைப் போடச் சொல்றான்னு நான்தான் நல்லா இழுத்துப் போர்த்திவிட்டேன். அதோட பேசல."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கும் புரிந்துவிட்டது.

"ஏன் கேக்கற?" என்றாள் அம்மா.

"சும்மாதான்மா. ஞாபகம் வந்துச்சு."

அம்மா இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

சின்னவளுக்கு அக்காவை நன்றாகவே அடையாளம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அவளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் இருந்தவர்களில் அதைக் கேட்டதும் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளோ கையைப் பிடித்துக்கொண்டு, இங்கதான்டி இருக்கேன், இங்கதான்டி இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் போய்விட்டது. போன இடத்தில் கத்தி இறங்கியது.

"பதினஞ்சு இல்லடா" என்றாள். "ஒன்றரை."

"தெரியுது."

"நிம்மதியாப் போகட்டும்னு நீ சொன்னே. தப்பான எண் அச்சுக்குப் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேதான்டா அவ செத்திருக்கா."

"தெரியுதுக்கா! சொல்லாத!"

காற்புள்ளி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போன வருஷம் நீ எழுதின குறிப்பு. அதுலயும் பதினஞ்சுதானே?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் தேட ஆரம்பித்திருந்தாள். ஒரு கட்டுரையை வேறு யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவளுக்குத் தினசரி வேலை. தம்பியின் குறிப்பை ஒரே ஒரு கட்டுரைதான் மேற்கோள் காட்டியிருந்தது. எங்கோ ஒரு மருத்துவமனை. ஒரு குழந்தையைப் பற்றிய சிறிய அறிக்கை. வலிப்பு, மருந்து, ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்பது என்று வந்தது. எல்லை பதினைந்து என்பதால் மருந்து நிறுத்தப்படவில்லை. அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன எண். அந்த எண்ணுக்கு நேராகக் கடைசிப் பக்கத்தில் தம்பியின் பெயர்.

பழக்கம் யாரை விட்டது? அந்த நிலையிலும் அவள் கண் பட்டியலைச் சரிபார்த்தது. அதில் ஒரு குறையும் இல்லை. எல்லாக் காற்புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது.

கடைசிப் பத்தியைப் படித்தாள். குழந்தை பிழைக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவள் லேப்டாப்பைத் தம்பியின் பக்கம் திருப்பினாள். அவன் படித்தான். படித்து முடித்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடை ரொம்பக் குறைவான குழந்தைக்கா" என்றான் கடைசியில். "வேற காரணமும் இருக்கலாம்."

"இருக்கலாம். உன் கட்டுரைல, பதினஞ்சுக்குக் கீழ இருந்தும் உடம்பு மோசமான குழந்தைங்க யாராவது உண்டா?"

"சில பேர்."

"அவங்களை என்ன பண்ணே?"

"விதிவிலக்குன்னு அடிக்குறிப்புல போட்டேன்."

காற்புள்ளி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். உட்கார்ந்திருக்க முடியவில்லை. "இப்பவே எழுதணும். இந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறோம்னு ஒண்ணு. பழைய குறிப்பு தப்புன்னு ஒண்ணு. அந்த ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு. யாரோ ஒரு டாக்டர் இந்த நிமிஷம் அதைப் படிச்சுக்கிட்டு இருக்கலாம்டா."

"முதல்ல இதை ஏத்துக்கட்டும். வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் திருத்தம்னு ஒண்ணு போட்டுக்கலாம். எல்லாரும் போடறதுதான்."

"எண்ணே தப்புன்னா கட்டுரையே இல்லடா. எதைத் திருத்துவே?"

"உனக்கென்ன, ஈசியா சொல்லிட்டே!" அவன் குரல் உயர்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்து உடனே தாழ்ந்தது. "இத்தனை வருஷம் ஒவ்வொருத்தன் கால்லயும் விழுந்து கிடந்தேன். அச்சில்னு பொய்யாப் போட்டது தெரிஞ்சா வேலை மட்டுமா போகும்? எந்தக் கல்லூரிக்குள்ளயும் விடமாட்டான். அம்மாகிட்ட என்ன சொல்வே? அப்புறம், அந்தக் காற்புள்ளியை எடுத்தது யாருன்னும் கேப்பாங்க. யோசிச்சுக்க."

"கேக்கட்டும். நான்தான்னு சொல்றேன். என் வேலையும் போகட்டும்."

தம்பி அவளையே பார்த்தான். மிரட்டிப் பார்த்தது பலிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் தோள் இறங்கியது. கொஞ்ச நேரம் முகத்தைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"சரிக்கா" என்றான். "ஆனா நானே எழுதறேன். என் கட்டுரை, என் தப்பு. நீ எழுதினா அக்கா காட்டிக்குடுத்தான்னு ஆகும். அந்த ஒரு மரியாதையை மட்டும் எனக்குக் குடு."

நியாயமாகத்தான் பட்டது. கூடப் பிறந்தவன் அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மறுக்கத் தோன்றும்? "சரி, எழுது" என்றாள்.

அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சின்னவளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

காற்புள்ளி வெளியே மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தைக்கு அறிக்கையில் பெயர் இல்லை. அந்த மாதிரி அறிக்கைகளில் பெயர் போடக்கூடாது என்பது விதி. அதன் அம்மாவுக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும். அந்த அம்மா எங்கே இருப்பாள், இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்க ஆரம்பித்தாள். முடியாமல் விட்டாள். விட்டது மறுபடியும் வந்தது. ஆபீஸிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கதவு திறந்தது.

"எழுதிட்டியா?"

"ம்." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே செருப்பைத் தேடினான்.

"காட்டு."

"அனுப்பிட்டேன்க்கா. தலை வலிக்குது. நான் கிளம்பறேன்." அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. வாசலில், எதையோ மறந்தவன் போலத் திரும்பி நின்று, "அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத" என்றான். படியில் இறங்கும் சத்தம் வேகமாகக் கேட்டது.

வரிசையாக மூன்று கடிதம் எழுதியவன் இவ்வளவு வேகமாகப் படி இறங்க மாட்டான் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை நம்ப மனம் வரவில்லை.

போனில் மெயில் வந்த சத்தம். பட்டியல் தொடர்பான கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்று தம்பி அவள் முகவரியையும் கட்டுரையோடு சேர்த்துக் கொடுத்திருந்தான். அதனால் இதழ்காரர்கள் அனுப்புவது எல்லாம் அவளுக்கும் ஒரு பிரதி வரும். தானாக வருகிற பதில் அது. உங்கள் திருத்திய கட்டுரை கிடைத்தது, நன்றி.

திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினால் அப்படி ஒரு பதில் வராது.

இணைப்பைத் திறந்தாள். நேராகப் பட்டியலுக்குப் போனாள். பதினான்காவது இடத்தில் வேறு யாரோ இருந்தார். பதினைந்தாவதாக இருந்தவர் ஒரு படி மேலே ஏறியிருந்தார்; அவருக்குப் பின்னால் இருந்த எல்லோரும் ஏறியிருந்தார்கள். கட்டுரைக்குள் வரும் எண்களையும் ஒன்றுவிடாமல் மாற்றியிருந்தான். ஒரு சான்றை எடுத்தால் மற்றவற்றின் வரிசை குலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஒரு பிசகும் இல்லை.

பிறகு அந்த வாக்கியத்தைத் தேடினாள். அது அங்கேயே இருந்தது. பிறந்த குழந்தைகளுக்கு இந்த மருந்தின் பாதுகாப்பான எல்லை பதினைந்து மில்லிகிராம். முன்பு அதற்குப் பின்னால் சின்னவளின் சான்று எண் நின்றது. இப்போது அது இல்லை. அதற்குப் பதிலாக, எங்கள் ஆய்வில் கண்டபடி என்று இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்திருந்தான்.

செத்துப்போன தங்கை பெயரை எடுத்துவிட்டு, தப்பான எண்ணை வைத்துக்கொண்டான். ஒன்றரைக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தே வைத்துக்கொண்டான். அவன்மேல் இப்படி ஒரு வெறுப்பு தனக்கு வரும் என்று இன்று காலை அவனுக்குக் கதவைத் திறந்தபோது அவளுக்குத் தெரியாது.

"போயிட்டானா?" அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே வந்து நின்றாள். "சாப்பிடாமலே போயிட்டான் பாரு. அனுப்பிட்டானாமா?"

"அனுப்பிட்டான்."

"அவ பேரு எங்க இருக்கு, காட்டு."

காற்புள்ளி திரையை மேலே ஓட்டினாள், கீழே ஓட்டினாள். இல்லை என்று தெரிந்தும் ஓட்டினாள்.

"காணோம்மா" என்றாள்.

"நல்லாப் பாருடி. நீயே காணோம்னா எப்படி?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தேடிக் கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள் போலிருந்தது. காற்புள்ளி இதழாசிரியருக்கு ஒரு புதிய மெயிலைத் திறந்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள். இன்று உங்களுக்கு வந்த கட்டுரையில் உள்ள எண் தவறு, குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். இதற்குப் பொறுப்பானவர்கள் என்று எழுதி, முதலில் தன் பெயரைப் போட்டாள். அதன் பக்கத்தில் ஒரு காற்புள்ளி.

அடுத்து எழுத வேண்டியது தம்பியின் பெயர்.